சாயம் கடைசி, துணி முதலில்: டை அண்ட் டைக்கு என்ன வாங்கணும், எவ்வளவு வாங்கணும்

டை அண்ட் டைக்கான, அதாவது துணியை முடிந்து கட்டிச் சாயம் ஊற்றும் வேலைக்கான பட்டியலில் சாயப்பொடியைக் கடைசி வரியில் எழுதுங்கள். முதல் வேலை, துணி எதுவென்று பார்ப்பது. உள்மடிப்பில் நாலைந்து நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாடை வந்து சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. நாம் வாங்கப்போகும் ரியாக்டிவ் சாயம், அதாவது பருத்தி நூலோடு சேர்ந்து ஒட்டுகிற சாயம், அதில் பிடிக்காது. முழுப் பருத்தி டி-சர்ட்டிலும் தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். அதனால் தையல் மட்டும் வெள்ளையாக நின்றால் பதற வேண்டாம்.

நம்ம திருநெல்வேலிப் பக்கத்து வீரவநல்லூர்த் தறி வேட்டியே ஆனாலும் கஞ்சி போகாமல் சாயம் இறங்காது. வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு ஒருமுறை அலசிவிடுங்கள்.

கடையில் வெறுமனே ‘ரியாக்டிவ் சாயம்’ என்று கேட்காதீர்கள். ‘கோல்டு பிராண்டு’, அதாவது எம் வகை என்று சொல்லிக் கேளுங்கள். எச் வகைக்குக் கொதிக்கக் கொதிக்கச் சூடு வேண்டும், வீட்டுக்குச் சரிப்படாது.

ஐந்து டி-சர்ட்டுக்குக் கணக்கு: கால் லிட்டர் பாட்டில் நாலு, பாட்டிலுக்கு 5 முதல் 6 கிராம் பொடி. மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றே போதும். நாலாவது பாட்டிலில் மஞ்சளையே இன்னொரு பங்கு கலக்குங்கள். மற்ற நிறங்கள் அதை எளிதில் விழுங்கிவிடும். ஊதாவை மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊற்றினால் சேறுதான் மிஞ்சும்.

சாயத்தைத் துணியில் பிடிக்க வைப்பது சோடா. சறுக்கல் அதிகம் நடப்பதும் அதில்தான். ஆப்ப சோடா உதவாது, அதன் காரம் போதாது. வேண்டியது சோடா ஆஷ், அதாவது சோடியம் கார்பனேட் பொடி: 5 லிட்டர் தண்ணீருக்கு 300 கிராம். கற்கண்டு மாதிரிக் கட்டியாகக் கிடைக்கும் சலவை சோடாவில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அதை வாங்கினால் 800 கிராம் போட வேண்டும். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்துவிடும். பிளாஸ்டிக் வாளி எடுங்கள். கையுறை கட்டாயம். பொடியைக் கலக்கும்போது முகக்கவசமும் மின்விசிறியை நிறுத்துவதும் கட்டாயம்.

சோடாவையும் சாயத்தையும் நல்ல தண்ணியில்தான் கரைக்க வேண்டும். போர் உப்புத் தண்ணியில் இருக்கும் சுண்ணாம்பு சோடாவோடு சேர்ந்து வெள்ளைப் படலமாகத் துணியில் ஒட்டும், நிறம் மங்கும். தாமிரபரணிக் குழாய்த் தண்ணி வரும் நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அலசவே பத்துக் குடமாவது ஆகும்.

கட்டுவதற்கு ரப்பர் பேண்டை விடப் பழைய சைக்கிள் டியூப்பை நீளவாக்கில் அறுத்த பட்டை இறுக்கமாக நிற்கும். உள்ளே புளியங்கொட்டை வைத்துக் கட்டினால் வட்டங்கள் ஏறக்குறைய ஒரே அளவில் விழும்.

துணியைச் சோடாவில் 20 நிமிடம் ஊறவைத்து, பிழிந்து, கட்டி, ஈரத்தோடே சாயம் ஊற்றிப் பாலிதீன் பையில் முடிந்து வையுங்கள். நம்மூர் வெயில் காலத்தில் ஒரு ராத்திரி போதும். ஆனி, ஆடி மேல்காற்றில் பையைத் திறந்து வைத்தால் ஓரம் காய்ந்துவிடும். காய்ந்த இடத்தில் சாயம் பிடிப்பது நின்றுபோகும். திட்டுத்திட்டாக வெளுப்பது இதனால்தான்.

அலசும்போது கட்டை அவிழ்க்காமல் முதலில் பச்சைத்தண்ணி. நிறம் தெளிந்தபின் அவிழ்த்து, கை பொறுக்காத வெந்நீரில் சோப்போடு ஊறவையுங்கள். வெந்நீரை முதலில் ஊற்றினால், ஒட்டாமல் நிற்கும் சாயம் வெள்ளை இடங்களில் ஏறிவிடும். இந்த வேலையைப் படித்துறையில் செய்யாதீர்கள். சாயமும் காரமும் ஆற்றுக்குப் போகக் கூடாது.

சோடா படாத சாயக் கரைசல் மிஞ்சினால் மூடிக் குளிர்ச்சியான இடத்தில் ஒரு வாரம் வைக்கலாம். சோடா ஒரு சொட்டு கலந்திருந்தாலும் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், மறுநாள் அதற்கு வலு இருக்காது.