வியன்னாவில் துண்டு போட்டு இடம் பிடித்தோம், புடாபெஸ்டில் குளிரில் நின்றோம்

புடாபெஸ்டில் இரவு 11 மணிக்குப் புறப்பட வேண்டிய பிராக் பேருந்து, நள்ளிரவு தாண்டி 1.50க்குத்தான் வந்தது. மியூனிக்கில் தொடங்கி மியூனிக்கிலேயே முடிந்த ஒன்பது நாள் பயணத்தை முதல் நாளிலிருந்து வரிசையாக, செலவுக் கணக்கோடு எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த மூன்று மணி நேரக் கோபம் இன்னும் ஆறவில்லை என்பதால் அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நாங்கள் நால்வரும் ஜெர்மனியில் படிக்கும் மாணவர்கள். மார்ச் மாதப் பருவ விடுமுறையில், ஆளுக்கு 450 யூரோவுக்குள் சால்ஸ்பர்க், வியன்னா, புடாபெஸ்ட், பிராக் ஆகிய நான்கு நகரங்களைப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தோம். இரவுப் பேருந்தில் போனால் ஓர் இரவுக்கான விடுதி வாடகை மிச்சமாகும் என்ற கணக்கில்தான் அந்தப் பயணச்சீட்டை வாங்கினோம். நிறுத்தத்தில் ஒரு இரும்பு இருக்கை மட்டுமே இருந்தது. தோழிக்கு அன்று காலையிலிருந்தே காய்ச்சல். எங்கள் ஸ்வெட்டர்கள் இரண்டை அவள்மீது போர்த்தி, முதுகுப்பைகளைக் காற்று வரும் பக்கமாக அடுக்கி வைத்தோம். அரை மணி நேரத்துக்கு ஒரு முறை கைப்பேசிக்கு ஒரே செய்தி வந்துகொண்டிருந்தது: இன்னும் 30 நிமிடம் தாமதம். மூன்று மணி நேரம் ஆகும் என்று முதலிலேயே சொல்லியிருந்தால், விடுதியின் வரவேற்பறையில் கதகதப்பாக உட்கார்ந்திருப்போம். தாமதம் யாருக்கும் நேரக்கூடியதுதான். ஆனால் அதைத் தவணை முறையில் சொல்லி, காய்ச்சலோடு இருப்பவளைத் தெருவில் நிறுத்தி வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இதை மாணவர்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 181/2011 எண்ணுள்ள ஒழுங்குமுறை, 250 கிலோமீட்டரும் அதற்கு மேலும் செல்லும் பேருந்துச் சேவைகளில் பயணிகளுக்குத் தெளிவான உரிமைகளைத் தருகிறது. நிலையத்திலிருந்து புறப்பாடு 120 நிமிடங்களுக்கு மேல் தாமதமாகும் என்றால், கூடுதல் கட்டணமில்லாத மாற்றுப் பயணமா, பணத்தைத் திரும்பப் பெறுவதா என்று நம்மிடம் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கத் தவறினால், பயணச்சீட்டு விலையில் பாதியை இழப்பீடாகவும் தர வேண்டும். புகார் கொடுக்க மூன்று மாத அவகாசம் உண்டு. எங்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. வந்த செய்திகள் அனைத்தையும் படமெடுத்து வைத்திருந்ததால், ஊர் திரும்பிய மறுநாளே நால்வரின் பெயரிலும் புகார் அனுப்பிவிட்டேன்.

இனி வியன்னாவுக்கு வருகிறேன். அங்கே போகும் வழியில் சால்ஸ்பர்க்கில் ஒரு நாள் தங்கினோம். மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க் வரை ஜெர்மனியின் மாதாந்திரப் பயணச்சீட்டே செல்லும் என்பதால் ரயிலுக்குத் தனியே செலவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கியதால் கடைகள் மூடிக் கிடந்தன. ரயில் நிலையத்துக்குள் இருந்த கடையில் நீண்ட வரிசையில் நின்று ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கினோம். ஆஸ்திரியாவுக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கான உணவைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

வியன்னா அரசு ஆபரா (பாடியே நடிக்கும் இசை நாடகம்) அரங்கில் நின்று பார்ப்பதற்கென்றே தனி இடங்கள் இருக்கின்றன. 1869இல் திறக்கப்பட்டு, 1945இல் குண்டுவீச்சில் எரிந்து, 1955இல் மீண்டும் திறக்கப்பட்ட அந்த அரங்கினுள் 20 யூரோவுக்கும் குறைவாக நுழைய முடியும் என்று வகுப்புத் தோழர் ஒருவர் சொன்னபோது நான் நம்பவில்லை. பிற்பகலிலேயே போய் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் நின்ற வெள்ளை முடி மூதாட்டி ஒருவர், மாணவியாக இருந்த காலத்திலிருந்தே இங்கு நின்றுதான் பார்க்கிறேன் என்று சொல்லி, உள்ளே போனதும் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தார். நமக்குப் பிடித்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, முன்னாலுள்ள கம்பியில் கழுத்துத் துண்டைக் கட்டிவிட வேண்டும். அதன் பிறகு வெளியே போய் வந்தாலும் அந்த இடம் நம்முடையதுதான். துண்டு போட்டு இடம் பிடிப்பது வியன்னாவில் இவ்வளவு மரியாதையாக நடக்கும் வழக்கம் என்பதை அன்றுதான் அறிந்தேன். கம்பி முழுவதும் சிவப்பும் சாம்பலும் நீலமுமாகக் கழுத்துத் துண்டுகள் தொங்கின. ஒன்றைக்கூட யாரும் நகர்த்தவில்லை.

விளக்கு அணைந்ததும், என் மார்புக்கு நேரே கம்பியில் இருந்த சிறிய திரையில் பாடல் வரிகளின் மொழிபெயர்ப்பு ஓடத் தொடங்கியது. ஐந்து நிமிடத்துக்குப் பிறகு நான் அந்தத் திரையைப் பார்க்கவே இல்லை. ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு பெண்ணின் குரல் அவ்வளவு பெரிய வாத்தியக் குழுவையும் கடந்து, அரங்கின் பின்புறத்தில் நின்றிருந்த என்னிடம் நேராக வந்து சேர்ந்தது. எங்களுக்குச் சற்று முன்னால் இருந்த இருக்கைகளின் விலை 200 யூரோவைத் தாண்டும்; எங்களுக்குக் கேட்டதும் அவர்களுக்குக் கேட்ட அதே குரல்தான். மூன்று மணி நேரம் நின்றதில் கால் வலித்தது உண்மை, ஆனால் இந்த ஒன்பது நாட்களில் நான் செலவழித்த பணத்தில் இதுதான் மிகச் சிறந்த செலவு. வியன்னாவின் அருங்காட்சியகங்கள், அரண்மனைகள் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டியிருந்தாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

புடாபெஸ்டைப் பற்றிப் பேருந்தை மட்டும் சொல்லி விட்டுவிட்டால் அந்த நகரத்துக்கு அநியாயம் செய்ததாகிவிடும். டான்யூப் கரையோரமாகவே ஓடும் 2ஆம் எண் டிராமில் மாலை வேளையில் ஏறுங்கள். 96 மீட்டர் உயர நாடாளுமன்றக் கட்டடத்தை, படகுச் சவாரிக்கு ஆகும் செலவில் மிகச் சிறு பங்கைக் கொடுத்துப் பார்த்துவிடலாம். 1896இல் திறக்கப்பட்ட முதலாம் மெட்ரோ பாதையிலும் பயணம் செய்தோம். ஐரோப்பாவின் பெருநிலப்பகுதியில் அதுதான் மிகப் பழைய மின்சாரச் சுரங்க ரயில். ஒற்றைச் சீட்டை இயந்திரத்தில் முத்திரையிட மறந்தால் அபராதம் உறுதி.

உணவில் லெஹெல் சந்தையில் கிடைக்கும் லாங்கோஷ் என்ற பொரித்த ரொட்டிக்கு ஈடில்லை. புளிக்கவைத்த மாவைத் தட்டு அளவுக்கு இழுத்து எண்ணெயில் போடுகிறார்கள். ஓரம் உப்பிப் பொன்னிறமானதும் எடுத்து, பூண்டு நீரைத் தூரிகையால் தடவி, அதன்மேல் புளித்த பாலேட்டைப் பரப்பி, துருவிய பாலாடைக்கட்டியைக் குவிக்கிறார்கள். ஏறத்தாழ 4 யூரோதான். விரல்களில் எண்ணெய் வழிய, சூடு ஆறுவதற்குள் நின்றுகொண்டே தின்று முடித்தோம். மாலை வரை யாருக்கும் பசிக்கவில்லை. சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் பெரிய சந்தையில் இதற்கே அதிகம் கேட்டார்கள்.

பேருந்து தாமதமானதால் பிராக் நகரில் அரை நாள் போனது. அந்த அவசரத்தில்தான் நண்பன் பழைய நகரச் சதுக்கத்துக்கு அருகில் ஒரு நாணய மாற்றுக் கடையில் 100 யூரோவைக் கொடுத்து 1,800 கொருனா (செக் நாணயம்) வாங்கி வந்தான். ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ 25 கொருனா கிடைக்க வேண்டிய நேரத்தில் 18 கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாள் சாப்பாட்டுப் பணத்துக்கு மேல் போய்விட்டதே என்று அவன் முகம் வாடிப்போயிற்று. நல்லவேளையாக, செக் நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள விதி ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது: 1,000 யூரோவுக்கு உட்பட்ட நாணய மாற்றை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம்.

ரசீதோடு திரும்பப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் முதலில் முடியாது என்றார். பிறகு மேலாளர் இல்லை என்றார். செக் தேசிய வங்கியில் புகார் செய்வோம் என்று நண்பன் அமைதியாகச் சொன்னதும், பேசாமல் இரண்டு 50 யூரோ தாள்களை நீட்டினார். தயவுசெய்து ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். வங்கியின் ஏடிஎம்மில் பணம் எடுங்கள். யூரோவிலேயே கணக்கிடட்டுமா என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்.

ஏடிஎம்மில் நியாயமான விகிதத்தில் எடுத்த பணத்தில், நதியின் மறுகரையில் உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் ஒரு கடையில் நால்வருக்கும் பூண்டு சூப் சொன்னோம். வறுத்த ரொட்டித் துண்டுகள் மிதக்கும் அந்தக் கொதிக்கும் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, காய்ச்சல் விட்டிருந்த தோழி இன்னொரு கிண்ணம் கேட்டாள். மியூனிக் வந்து கணக்குப் பார்த்தபோது ஆளுக்கு 438 யூரோ ஆகியிருந்தது.