'வேணுமா' என்று கேட்ட சிறுவன்

பேச்சு மொழிச் சிகிச்சையாளராகப் பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் நான் எழுதிய ஒரு மதிப்பீட்டு அறிக்கையில், மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி, 'பொருளுள்ள பேச்சு இல்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்கிறான்' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியின் முற்பாதி தவறு.

பெயர் சொல்லி அழைத்தால் அவன் திரும்புவதில்லை என்பதை வீட்டார் இரண்டு வயதிலேயே கவனித்திருந்தனர். ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள் என்ற ஆறுதலில் ஓர் ஆண்டுக்கு மேல் போய்விட்டது. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான, 20 கேள்விகள் கொண்ட 'எம்-சாட்' என்ற ஆட்டிச முன்னறிதல் படிவத்தையும் அந்த இரண்டு வயதில் நிரப்பியிருந்தார்கள். வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுவானா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று குறிக்கப்பட்டிருந்தது. எப்படிக் காட்டுவான், செய்து காட்டுங்கள் என்று அவனுடைய அம்மாவிடம் கேட்டேன். அவர் எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்து அலமாரி வரை இழுத்துச் சென்று, என் கையை அதன் கதவின் மேல் வைத்தார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் வீட்டில் அதற்குப் பெயர் காட்டுவதுதான். அந்தப் படிவத்தோடு பின்தொடர் நேர்காணல் ஒன்றும் ஏன் வகுக்கப்பட்டிருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

செவித்திறனில் குறையில்லை என்று தூக்கத்தில் எடுத்த பெரா பரிசோதனை காட்டிவிட்டதால், குழந்தை வளர்ச்சி மருத்துவரும் உளவியலாளரும் பார்க்கும் முன் மொழி மதிப்பீட்டை நான் தொடங்கினேன். பாதி நேரத்தில் அவன் எழுந்து, மேசையிலிருந்த என் பாட்டிலைப் பார்த்து, "தண்ணி வேணுமா?" என்றான். எனக்குத்தான் உபசாரம் செய்கிறான் என்று மகிழ்ந்து, "எனக்கு வேண்டாம் கண்ணா" என்று சொல்லிப் பாட்டிலைத் தள்ளி வைத்தேன். அவன் தரையில் விழுந்து அழுதான். 'காரணமில்லாத அழுகை' என்று குறித்துக்கொண்டேன். வாசலில் செருப்பை மாட்டும்போது அவனுடைய அம்மா தயங்கியபடி சொன்னார்: "அவனுக்குத்தான் மேடம் தாகம். அப்படித்தான் கேப்பான்."

1943-இல் மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசமுள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, அவர்கள் கேள்வியை அப்படியே திருப்பிச் சொல்வதன் மூலம் 'ஆமாம்' என்பதைத் தெரிவிக்கிறார்கள் என்ற அவதானிப்பு உண்டு. உடனடியாகத் திருப்பிச் சொல்லும் பேச்சுக்கு ஏழு வகைப் பயன்கள் இருப்பதை 1981-இல் பேரி பிரிசன்ட்டும் ஜூடித் டச்சனும் வகைப்படுத்தினார்கள். இவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவள்தான் நான். ஆனால் தமிழில் அது ஒற்றை எழுத்தில் ஒளிந்திருக்கும் என்று எந்தப் பாடமும் எனக்குச் சொல்லவில்லை. தண்ணீர் கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் அவன் காதில் விழுந்தது 'தண்ணி வேணுமா' என்ற முழுத் துண்டு. தண்ணீரை வரவழைக்கும் சொல் அதுதான் என்று அவன் எடுத்துக்கொண்டதில் பிழை காண முடியாது. வேணும் என்று அவன் நிலையில் நின்று யாரும் சொல்லிக் காட்டியதில்லை.

ஆகவே ஆட்டிசம் என்ற பெயர் உறுதியான பிறகு, நாங்கள் முதலில் மாற்றியது பெரியவர்களின் பேச்சை. இது என்ன, இது என்ன கலர், மேடத்துக்குச் சொல்லு என்று நாள் முழுதும் அவன் மேல் விழுந்துகொண்டிருந்த கேள்விகளைக் குறைத்தோம். பாட்டிலை எடுத்து, "தண்ணி வேணும்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, பத்து எண்ணும் வரை வாயைத் திறக்காமல் காத்திருப்பது. அவன் பேசினாலும், கை நீட்டினாலும், தண்ணீரின் படத்தைத் தொட்டாலும் உடனே தருவது. பேசாவிட்டால் தண்ணீர் இல்லை என்ற முறையை, அது எவ்வளவு விரைவில் பலன் தருவதாகச் சொல்லப்பட்டாலும், நான் ஏற்பதில்லை. படங்களைப் பழக்கினால் வருகிற பேச்சும் நின்றுவிடும் என்று அப்பா அஞ்சினார். அப்படி நேர்வதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அந்தப் பத்து எண்ணுவதுதான் எல்லோருக்கும் கடினமாக இருந்தது, என்னையும் சேர்த்து. மூன்றுக்குள் என் வாய் தானாகத் திறந்துவிடும்.

வேணும் என்ற சொல் ஏழு வாரம் கழித்து வந்தது. இரண்டு வாரம் காணாமல் போய் மீண்டும் வந்தது. "நல்லாப் பேசிடுவானா மேடம்?" என்ற கேள்விக்கு, அடுத்த மூன்று மாதத்துக்கு எதைப் பார்க்கப்போகிறோம் என்பதற்கு மேல் நான் பதில் சொல்லவில்லை. அது அவர்களுக்குப் போதாது என்பது எனக்குத் தெரியும்.

ஆறு மாத மறுமதிப்பீட்டில் படப் புத்தகத்தின் கடைசி இரண்டு பக்கங்கள் மிச்சமிருந்தபோது, அவன் என் கையின் மேல் தன் கையை வைத்து, "போதும்" என்றான். யாரும் கற்றுக்கொடுக்காத சொல். இன்னும் இரண்டே படம்தான் என்று அம்மா அவனைச் சமாதானப்படுத்த முயன்றார். நான் புத்தகத்தை மூடிவிட்டு, அந்த இரண்டு பக்கங்களுக்கான கட்டங்களைக் காலியாகவே விட்டு, அவன் சொன்ன சொல்லையும் சொன்ன நேரத்தையும் பக்கத்தில் எழுதினேன்.