செம்பு விலைபோகும் இடத்தில் சட்டம் நிற்க வேண்டும்

சென்ற ஆண்டு குறுவைப் பட்டத்தில் எங்கள் ஊர் வடக்குவெளியில் இருந்த டிரான்ஸ்பார்மரைத் திருடர்கள் பிரித்துப் போட்டுவிட்டுச் சென்றார்கள். இரவோடு இரவாக ஏபி சுவிட்ச் எனும் கம்பத்து விசையைத் திறந்து மின்சாரத்தைத் துண்டித்து, தொட்டியின் மூடியைக் கழற்றி, எண்ணெயை வரப்போரத்திலேயே வடியவிட்டு, உள்ளே இருந்த செம்புக் கம்பிச் சுருளான காயிலை மட்டும் கொண்டுபோய்விட்டார்கள். விடியற்காலையில் மோட்டார் போடச் சென்ற சித்தப்பாதான் முதலில் பார்த்தார். பதினொரு பம்புசெட்டுகள் அந்த ஒரு டிரான்ஸ்பார்மரை நம்பி இருந்தன. புதியது வந்து ஏறுவதற்குப் பத்தொன்பது நாள்கள் ஆயின. கதிர் பால்பிடிக்கும் சமயத்தில் தண்ணீர் இல்லாமல் போனால் நெல் என்ன ஆகும் என்பதை விவசாயம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சித்தப்பாவின் இரண்டு ஏக்கரில் பாதிக்குமேல் பதராகப் போயிற்று.

திருடுபோன செம்பு காயலான் கடையில் சில ஆயிரம் ரூபாய்க்கு விலைபோயிருக்கும். அதனால் பதினொரு குடும்பங்கள் இழந்தது அதைப் போலப் பல மடங்கு. பொதுக் கட்டமைப்பிலிருந்து உலோகம் திருடப்படுவதைச் சாதாரணத் திருட்டோடு சேர்த்து எண்ணக் கூடாது என்று நான் கருதுவதற்கு இந்த ஏற்றத்தாழ்வுதான் காரணம். 2024 டிசம்பர் 5 அன்று தில்லி மெட்ரோவின் நீல வழித்தடத்தில், மோதி நகருக்கும் கீர்த்தி நகருக்கும் இடையே சிக்னல் கேபிள் திருடப்பட்டதால், அந்தத் தடம் முழுவதும் வண்டிகள் தாமதமாக ஓடின. திருடியவரின் கைக்கு வந்த பணத்தை, வண்டிக்காக நடைமேடைகளில் காத்துக் கிடந்தவர்கள் இழந்த நேரத்தோடு ஒப்பிடவே முடியாது.

எங்கள் ஊர் வழக்கின் முதல் தகவல் அறிக்கையில் மின்சாரச் சட்டம் 2003-இன் 136-ஆம் பிரிவு குறிக்கப்பட்டிருந்தது. அந்தப் பிரிவைத் தேடிப் படித்தபோதுதான் இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை ஏற்பட்டது. மின்கம்பத்திலிருந்தோ கோபுரத்திலிருந்தோ வேறு மின் நிறுவலிலிருந்தோ கம்பியையும் தளவாடத்தையும் மீட்டரையும் வெட்டுவதும் எடுத்துச் செல்வதும் மட்டுமல்லாமல், உரிமையாளரின் சம்மதமின்றி அவற்றைச் சேமித்து வைப்பதும், தன்வசம் வைத்திருப்பதும், வண்டியில் ஏற்றிச் செல்வதும்கூட, இலாப நோக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அப்பிரிவின்படி குற்றமாகும். முதல் முறைக்கு மூன்றாண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். மீண்டும் செய்தால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஐந்தாண்டுச் சிறையும், பத்தாயிரம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. இது தவிர, 1984-ஆம் ஆண்டின் பொதுச்சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-ஆம் பிரிவு, அரசு மற்றும் உள்ளாட்சி அமைப்புகளின் சொத்தைத் திருடினால் ஏழாண்டு வரை சிறை என்கிறது. ஆகவே, தண்டனை போதவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குறை வேறொரு இடத்தில் இருக்கிறது. காயிலை அவிழ்த்து, மேலே சுற்றிய காகிதத்தையோ பிளாஸ்டிக்கையோ எரித்துவிட்டால், எஞ்சுவது வெறும் செம்பு. அதில் ஊர்ப்பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. அந்தக் காயிலே ஒரு கடையில் கண்டெடுக்கப்பட்டிருந்தாலும், அது எங்கள் வடக்குவெளி டிரான்ஸ்பார்மருடையதுதான் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க யாராலும் முடிந்திருக்காது. விற்றவர் யார், எந்த நாளில் விற்றார், எவ்வளவு எடை என்ற குறிப்பு எதுவும் கடையில் இல்லாதபோது காவல்துறை எந்த நூலைப் பிடித்துக்கொண்டு போகும்?

இந்தச் சிக்கலை நம் நாட்டுச் சட்டம் எப்போதோ அறிந்திருந்தது என்பதுதான் எனக்கு வியப்பளித்தது. செம்புத் தந்திக் கம்பிகளைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கு எதிராக 1950-இலேயே ஒரு தனிச்சட்டம் இயற்றப்பட்டது. தந்தியே போய்விட்ட இக்காலத்தில் அது நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் 1966-ஆம் ஆண்டின் இரயில்வே சொத்து (சட்டவிரோத உடைமை) சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. திருடப்பட்டதென நியாயமாகச் சந்தேகிக்கத்தக்க இரயில்வே பொருள் ஒருவரிடம் இருந்தால், அது முறையான வழியில் தம்மிடம் வந்தது என்பதை அவரே மெய்ப்பிக்க வேண்டும். தவறினால் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. தனிப்பட்ட, போதுமான காரணங்கள் தீர்ப்பில் எழுதப்பட்டாலன்றி, முதல் குற்றத்துக்கே ஓராண்டுக்குக் குறைவான சிறை கூடாது. தம் இடத்தில் இது நடப்பதைத் தெரிந்தே கண்டும் காணாமல் இருக்கும் இடத்தின் உரிமையாளரையும் அதன் 4-ஆம் பிரிவு விட்டுவைப்பதில்லை. இரயில் பாதைக்கு மேலே ஓடும் மின்கம்பி 107 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்பு. ஒரு மீட்டர் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோ இருக்கும். அந்தக் கம்பிக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு, வயல்வெளி டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் செம்புக்கு ஏன் இல்லை? பொருளைத் தன்வசம் வைத்திருப்பவரே மெய்ப்பிக்க வேண்டும் என்ற வாசகம் மின்சாரச் சட்டத்தின் 136-ஆம் பிரிவில் காணப்படவில்லை.

நிரூபிக்கும் சுமையைக் குற்றம் சாட்டப்பட்டவர்மீது ஏற்றுவது ஆபத்தான காரியம் என்பதை நான் மறுக்கவில்லை. தெருத்தெருவாகப் பழைய பாத்திரமும் இரும்பும் வாங்கும் தள்ளுவண்டிக்காரரிடம் இரசீது எங்கே இருக்கும்? அவரைப் பிடித்துச் சிறையில் வைத்து வழக்கு முடிந்ததாகக் கணக்குக் காட்டுவது எளிது. அந்தச் சுமையைத் தாங்க வேண்டியவர் எடைபோட்டுப் பணம் கொடுத்து மொத்தமாக வாங்கும் கடைக்காரரும், அவரிடமிருந்து வாங்கி உருக்குபவரும்தான். இதை என் பேச்சின் மையமாகக் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இங்கிலாந்தும் வேல்ஸும் இந்த வழியில் சென்றன. அங்கே 1964-ஆம் ஆண்டுச் சட்டப்படி உலோகக் கழிவு வணிகர் பதிவு செய்துகொண்டாலே போதுமென்றிருந்தது. இரயில் சிக்னல் கேபிள்களும் தேவாலயக் கூரைகளின் ஈயத் தகடுகளும் தொடர்ந்து காணாமல்போயின. 2011 டிசம்பரில் இலண்டன் டல்விச் பூங்காவில் இருந்த, பார்பரா ஹெப்வொர்த் வடித்த வெண்கலச் சிற்பமே திருடப்பட்டது. 2012 டிசம்பரில் உலோகக் கழிவுக்கு ரொக்கம் கொடுப்பது தடைசெய்யப்பட்டது. 2013 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் இல்லாமல் யாரும் இத்தொழில் செய்யலாகாது என்றது. விற்பவரின் பெயரையும் முகவரியையும் சரிபார்க்க வேண்டும், பணத்தைக் காசோலையாகவோ வங்கி வழியாகவோ மட்டுமே தர வேண்டும், பதிவுகளை மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். வண்டியில் சென்று சேகரிப்பவருக்கென்று தனி உரிமம் உண்டு. ஆகவே சிறு சேகரிப்பாளரும் சட்டத்துக்குள்ளேயே தொழில் செய்யலாம். அதன்பின் திருட்டு வெகுவாகக் குறைந்தது. உலகச் சந்தையில் உலோக விலை இறங்கியதும் அதற்கு ஒரு காரணம் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

இங்கே வரிச் சட்டம் அந்தத் திசையில் ஓரடி வைத்திருக்கிறது. 2024 அக்டோபர் 10 முதல், பதிவில்லாதவரிடம் உலோகக் கழிவு வாங்கும் பதிவுபெற்ற வணிகரே ஜிஎஸ்டி கட்ட வேண்டியிருப்பதால், அந்தக் கொள்முதலை அவர் கணக்கில் எழுதியாக வேண்டும். ஆனால் வரிவரம்புக்குக் கீழே இருக்கும் சிறு கடை இதில் வராது. திருட்டுச் செம்பு முதலில் போய்ச் சேருவது அங்கேதான் என்று எங்கள் லைன்மேன் சொல்கிறார். இத்தனை ஆண்டுகள் கம்பம் ஏறியவர் சொல்வதை நான் நம்புகிறேன்.

உள்ளாட்சி அமைப்பு கொடுக்கும் தொழில் உரிமத்தோடு நான்கு நிபந்தனைகளைச் சேர்த்தால்கூடப் போதுமென்று நினைக்கிறேன்: செம்புக்கும் அலுமினியத்துக்கும் ரொக்கம் கூடாது, விற்பவரின் அடையாளச் சான்றும் பொருளின் படமும் பதிவேட்டில் இருக்க வேண்டும், எரித்த கம்பியை வாங்கவே கூடாது, வாங்கியதை ஒரு வாரம் உருக்காமல் வைத்திருக்க வேண்டும். இந்த ஒரு வாரத்தைத்தான் நான் மிகவும் வற்புறுத்துவேன். எங்கள் ஊரில் புகார் கொடுத்தது திருட்டு நடந்த அன்றே. அருகிலுள்ள சிறுநகரங்களின் கடைகளைக் காவலர்கள் விசாரித்தது நான்காம் நாள். அதற்குள் அந்தச் செம்பு எந்த உலையில் கரைந்ததோ தெரியாது. சித்தப்பா அந்த முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பட்டா, சிட்டாவோடு அதே மஞ்சள் பையில் வைத்திருக்கிறார்.