உங்க 'என்' எவ்வளவு மேடம்?

காசநோய் ஆய்வுத் திட்டம் ஒன்றில் சமூகவியலாளராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பதினொரு நோயாளிகளின் வீட்டுக்குப் போய்ப் பேசியதைக் கூட்டத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். மூத்த மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "எல்லாம் சரி, உங்க 'என்' எவ்வளவு மேடம்?" என்றார். எத்தனை பேரை ஆராய்ந்தீர்கள் என்று அர்த்தம்.

"பதினொண்ணு சார்."

சிரித்துவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. அவர்கள் படித்த படிப்பில் பதினொன்று ஓர் எண்ணே கிடையாது.

நோயாளிகள் ஏன் மருந்தைப் பாதியில் நிறுத்துகிறார்கள் என்று கண்டுபிடிக்கத்தான் என்னை எடுத்திருந்தார்கள். அப்படி நிறுத்துகிறவருக்கு அப்போது 'டிஃபால்டர்' என்று பெயர். கடன் கட்டாதவரை வங்கியில் சொல்வார்களே, அதே சொல். குற்றவாளி யார் என்பது முன்பே முடிவாகிவிட்டது. வாக்குமூலம் வாங்கி வருவது மட்டும் என் பொறுப்பு.

வாரத்துக்கு மூன்று நாள் மையத்துக்குப் போய், ஊழியர் கண்ணெதிரே மாத்திரையை விழுங்க வேண்டிய காலம் அது. வியாசர்பாடியில் ஒரு பூக்கார அம்மா இரண்டாவது மாதத்தில் வராமல் நின்றுவிட்டார். வீட்டு வாசலில் உட்கார்ந்து மல்லி கட்டிக்கொண்டிருந்தார். விடியற்காலை மூன்று மணிக்குக் கோயம்பேடு போய் உதிரிப்பூ வாங்கி வந்தால், மையம் திறக்கிற நேரம்தான் அவர் பூக்கட்ட உட்காருகிற நேரமும். "அது கூடப் பரவால்லம்மா. ஏழு மாத்திரை. வெறும் வயித்துல போட்டா குமட்டிக்கிட்டு வருது. காலையில ரெண்டு இட்லிக்கு வழி இருந்தா நான் ஏன் நிறுத்தப் போறேன்?" பேசும்போதும் விரல்கள் நிற்கவில்லை. கிளம்பும்போது ஒரு முழம் கிள்ளிக் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

படிவத்தில் 'நிறுத்திய காரணம்' என்ற இடத்தில் ஆறு கட்டங்கள். பசிக்குக் கட்டம் இல்லை. 'பக்க விளைவு' என்பதில் டிக் அடித்தேன். இன்றுவரை உறுத்துகிற டிக்.

அதற்குப் பிறகுதான் பழைய ஆய்வுகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1956-இல் சென்னையில் தொடங்கிய மையம் ஒன்று 193 ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையிலும் மறுபாதியை வீட்டிலும் வைத்து வைத்தியம் பார்த்தது. வீட்டில் சோறும் குறைவு, ஓய்வும் குறைவு. ஆனாலும் மாத்திரை ஒழுங்காகக் கிடைத்ததால் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். 1959-இல் வெளியான இந்த முடிவு உலகம் முழுக்கச் சானடோரியங்களை மூட வைத்தவற்றில் ஒன்று. பெரிய சாதனைதான். ஆனால் அதிலிருந்து, சாப்பாட்டைப் பற்றி வைத்தியர் கவலைப்பட வேண்டாம் என்ற எண்ணமும் சேர்ந்தே வளர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தாருக்கு உணவுப்பொருள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-இல் வந்தது. வீட்டில் மற்றவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்திருந்தது. அதன் 'என்' 10,345. அந்த அம்மாவின் குமட்டலுக்கு அது நேரடி விடை இல்லை, வேறு கேள்வி. இருந்தாலும் அந்தக் கட்டுரையைப் படித்த அன்று எனக்கு மல்லி வாசம் வந்தது.

எனக்குத் தைரியம் கொடுத்தது இன்னொரு பழைய ஆய்வு. தேபபர் பானர்ஜி, மருத்துவம் படித்துவிட்டுச் சமூகத்தைப் படிக்க வந்தவர். ஸ்டிக் ஆண்டர்சனோடு சேர்ந்து கர்நாடகக் கிராமங்களில் காசநோயாளிகளைத் தேடிப்போய் விசாரித்தார். அறியாமையால் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை என்று சொல்லப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே வைத்தியம் தேடிப் போனவர்கள். பலரை இருமல் மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கட்டுரை வந்தது 1963-இல். அரை நூற்றாண்டு கழித்தும் என்னிடம் அதே 'ஏன் வருவதில்லை'.

பிழைப்பைப் பொறுத்தவரை ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்தான். பதினான்கு பேர் பெயரோடு வந்த மருத்துவக் கட்டுரையில் நான் எட்டாவது. சமூகவியல் துறை நேர்காணலில், "இதுல நீங்க எழுதினது எது?" என்றார்கள். 'விவாதம்' பகுதியில் ஒரு பத்தி. அதைத் தொட்டுக் காட்டினேன். அந்த வேலை கிடைக்கவில்லை.

போன வாரம் ஒரு இளம் மருத்துவர் போன் செய்தார். புதுத் திட்டம், விண்ணப்பம் நாளை போக வேண்டுமாம். "சோஷியல் பார்ட் நாங்களே எழுதிட்டோம் மேடம், கேள்வித்தாளும் ரெடி. ஒரு கையெழுத்து மட்டும் போட்டா போதும்."

அனுப்பச் சொன்னேன். 'சிகிச்சையை நிறுத்திய காரணம்'. இப்போது ஒன்பது கட்டங்கள். திரும்ப அழைத்து, "இந்த ஒன்பதும் எங்கேருந்து வந்துச்சுப்பா?" என்று கேட்டேன்.

"பழைய படிவத்துலேருந்துதான் மேடம்."

நாளைக்குக் கையெழுத்து கிடைக்காது என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு என்னோடு கோயம்பேடு வர முடியுமா என்று கேட்டிருக்கிறேன்.