யூதாஸின் முத்தம்

இத்தாலியின் பதுவா நகரத்து ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயச் சுவரில் 1305 வாக்கில் ஓவியர் ஜோத்தோ தீட்டிய, சீடன் யூதாஸ் தன் குரு இயேசுவை முத்தமிட்டுப் படைவீரர்களிடம் காட்டிக்கொடுக்கும் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம், ஈட்டிகளும் தீப்பந்தங்களும் மொய்த்து நிற்கும் கூட்டத்துக்கு நடுவே, யூதாஸின் மஞ்சள் மேலங்கி இயேசுவின் உடலைப் போர்த்தி மறைக்கும் இடத்தில்தான் என் கண் நின்றுவிடுகிறது. இரண்டு முகங்களுக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. இயேசுவோ விலகாமல் அவன் கண்களையே நேராக நோக்குகிறார்.

ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் கழித்து, 1602-இல் காரவாஜியோ இதே காட்சியை இருளில் வரைந்தபோது அந்தப் பார்வையும் இல்லாமற்போகிறது. இயேசு கண்களைத் தாழ்த்தி, விரல்களைக் கோத்தபடி நிற்க, படைவீரனின் பளபளக்கும் கவசக்கை அவர் கழுத்தருகே நீள்கிறது. யூதாஸின் நெற்றிச் சுருக்கத்தில் எனக்குத் தெரிவது வெறுப்பன்று. தான் செய்வதை அறிந்தே நடுங்கும் ஒரு மனிதனின் வேதனை.