தூபக்காலைக் கவிழ்த்துப் பாருங்கள்

பழைய தூபக்கால் ஒன்று கைக்கு வந்தால் மூடியில் இருக்கும் சிங்கத்தையும் கைபிடியில் இருக்கும் யாளியையும் பிறகு ரசிக்கலாம். முதலில் கவிழ்த்து அடியைப் பாருங்கள். அடுத்து மூடியைக் கழற்றி அதன் உட்புறத்தைப் பாருங்கள். பொய் சொல்ல விற்பவர் அதிகம் மெனக்கெடாத இடங்கள் இவை இரண்டும்தான்.

பல காலம் மேசையில் இருந்த பொருளின் கால், தொடும் புள்ளிகளில் மட்டுமே தேய்ந்து வழவழப்பாக இருக்கும். வேண்டுமென்று தேய்த்ததில் தேய்மானம் சுற்றிவர ஒரே அளவாக இருக்கும், சாண்ட்பேப்பர் கோடுகளும் ஒரே திசையில் ஓடும். மூடியின் உட்புறத்தில், துளைகளைச் சுற்றிப் பிசின் புகை படிந்து கறுத்து ஒட்டியிருந்தால் அது எரிந்த தூபக்கால். ஆனால் உள்ளே சுத்தமாக இருப்பதாலேயே போலி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யப்பானியர் ஏற்றுமதிக்கென்று வார்த்த 'கோரோ' எனும் தூபக்கால்களில் பல, மேலைநாட்டு வீடுகளில் அலங்காரத்துக்கு மட்டுமே இருந்தவை.

சீனத் தூபக்கால்களின் அடியில் ஆறெழுத்து முத்திரை ஒன்றைக் காட்டி விலை சொல்வார்கள். மிங் வம்சத்துச் சுவாந்தே பேரரசர் காலத்தில், அதாவது 1426 - 1435 இல் செய்தது என்று அது சொல்லும். அந்த முத்திரையைப் பிற்காலத்தாரும் நூற்றாண்டுக் கணக்கில் பதித்து வந்திருக்கிறார்கள். சந்தையில் காண்பவற்றுள் மிகப் பெரும்பாலானவை மிங்குக்குப் பின் வந்த சிங் வம்சக் காலத்தவை அல்லது அதற்கும் பிந்தியவை. ஆகவே முத்திரைக்குக் காசு கொடுக்காதீர்கள். வார்ப்பின் சுத்தத்துக்கும் எடைக்கும் கொடுங்கள்.

எடையை வீட்டிலேயே சோதிக்கலாம். முதலில் காந்தம்: ஒட்டினால் அது இரும்பு. ஒட்டாவிட்டால் சமையலறை மின்தராசில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வாளியில் தண்ணீர் எடுத்துத் தராசில் வைத்து அளவைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். தூபக்காலை நூலில் கட்டி, வாளியின் அடியிலோ பக்கத்திலோ படாமல், முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராமே அதன் கனவளவு மில்லிலீற்றரில். எடையை அதால் வகுங்கள். 1,275 கிராம் பொருளுக்குத் தராசு 150 காட்டினால் விடை 8.5, அது நல்ல பித்தளை. வெண்கலம் 8.8 அளவில் வரும். 6.7 ஐ ஒட்டி வந்தால் துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே நிறம் பூசியது. உள்ளே காற்றுக்குமிழி தங்கினால் கணக்குப் பிழைக்கும், ஆகவே தண்ணீருக்குள் ஒருமுறை சரித்து எடுங்கள். மரப்பாகமோ பதிப்பு வேலையோ உள்ளதை நனைக்க வேண்டாம்.

பச்சை நிறத்திலும் ஏமாற்று உண்டு. பஞ்சில் அசிற்றோன் தொட்டுத் தேய்க்கும்போது பச்சை கையோடு வந்தால் அது பூச்சு. உண்மையான பழங்களிம்பு கெட்டியானது, நகத்தால் சுரண்டினாலும் வராது. இதோடு குழப்பக்கூடாத இன்னொன்று, வெளிர் பச்சையாக மாவு போலப் பூத்து, துடைத்துச் சில நாளில் அதே இடத்தில் திரும்பவும் பூப்பது. வெண்கல நோய் என்பது இதுதான். உலோகத்துக்குள் தங்கிய குளோரைட்டு ஈரத்தோடு சேர்ந்து அரித்துக்கொண்டே போகும். வன்னியில் ஐப்பசியில் தொடங்கித் தை வரை மாரி ஈரம் விடாது. அந்த மாதங்களில் நோய்கண்ட பொருளைக் காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு வையுங்கள். மணிகள் நிறம் மாறியதும் அவணில் 110 பாகை அளவில் சூடாக்கினால் மறுபடி பாவிக்கலாம்.

இந்தக் குளோரைட்டு பெரும்பாலும் நம் கையாலேயே உள்ளே போகிறது. ஒன்று, பழப்புளியும் உப்பும் போட்டு மினுக்குவது. குத்துவிளக்குக்கு எல்லோரும் செய்வதுதான், ஆனால் பழைய வார்ப்பின் நுண்குழிகளில் உப்புத் தங்கிவிடும். புளிப்பும் உப்பும் சேர்ந்து மேற்பரப்பின் துத்தநாகத்தைக் கரைத்துவிடுவதால் பித்தளை ரோஸ் நிறமாகத் திட்டுத்திட்டாகத் தெரியும். மற்றது, தணலுக்கு அடியில் முல்லைத்தீவுக் கடல் மணலைக் கொட்டுவது. கடல் மணலில் உப்பு இருக்கிறது, அதைத் தூபக்காலுக்குள் போடவே கூடாது. கழுவுவதற்கு இளஞ்சூட்டு நீர், இரண்டு துளி பாத்திரச் சவர்க்காரம், மென்மையான பல்துலக்கி போதும். பிசின் கறை மதுசாரத்தில் கரையும். நிழலில் நன்றாக உலர்த்தி, வெளிப்பக்கத்துக்கு மட்டும் தேன்மெழுகு மெல்லியதாகப் பூசுங்கள்.

அடிக்கு எதைப் போடுவது? நெல் ஆலையில் கிடைக்கும் உமிச் சாம்பலைப் போல நல்லது வேறில்லை. அது பெரும்பாலும் சிலிக்கா, சூட்டை நன்றாகத் தடுக்கும். விறகுச் சாம்பலில் காரம் கூட, மாரியில் ஈரத்தை இழுத்துப் பித்தளையைக் கெடுக்கும். உமிச் சாம்பலை அரித்து, தாச்சியில் ஐந்து நிமிடம் வறுத்து, குறைந்தது 3 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அமுக்காமல் நிரப்புங்கள். தணல் பாதியில் அணைகிறது என்று பலர் கரியைக் குறை சொல்வார்கள். உண்மையில் சாம்பல் ஈரமாக இருக்கும், அல்லது இறுகியிருக்கும். பீங்கான் தூபக்காலில் சாம்பல் மெல்லியதாக இருந்தால் சூடு ஓரிடத்தில் ஏறி அடி வெடிக்கும்.

சாம்பிராணிக்குச் சிரட்டைக் கரித்துண்டை வெளியிலேயே ஓரம் வெளுக்கும்வரை பற்றவைத்துச் சாம்பலின் மேல் வைத்தால் போதும். அகிலுக்கு யப்பானியர் முறைதான் சரி. தணலை ஒன்றரைச் சென்ரிமீற்றர் ஆழத்தில் புதைத்து, மேலே சாம்பலைக் குவித்து, ஈர்க்கால் தணல் வரை ஒரு துளை விடுங்கள். துளையின் மேல் மைக்காத் தகடு, அதன் மேல் அரிசி அளவு அகில் சீவல். புகை எழும்பினால் சூடு அதிகம், அகில் கருகுகிறது. தணலை இன்னும் ஆழமாக்குங்கள். புகையில்லாமல் மணம் மட்டும் வரவேண்டும். எப்படி எரித்தாலும் யன்னல் ஒன்று திறந்திருக்கட்டும், கரி எரியும்போது வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. கிடுகுக் கூரைக்குக் கீழே எரிக்கவே வேண்டாம்.

பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கும் நம்மூர்க் கைபிடித் தூபக்கால்களில் பொருத்துகளைப் பாருங்கள். ஈயப் பற்று வைத்துத் திருத்தியதில் தணல் வைத்தால் பற்று 190 பாகைக்குள் இளகிக் கிண்ணம் கழன்று விழும். அதைக் காட்சிக்கு மட்டும் வையுங்கள். கோயில் பெயரோ உபயகாரர் பெயரோ வெட்டியிருந்தால் விலை பேசாமல் அந்தக் கோயிலுக்குத் தகவல் கொடுங்கள். இடப்பெயர்வுகளில் கைமாறிப்போன பூசைப் பொருட்கள் ஏராளம், அவை யாருடைய சேகரிப்புக்கும் உரியவை அல்ல. கடையின் உலோகக் குவியலுக்குள் கையை விட்டுத் துழாவாதீர்கள், வெடிக்காத பொருள் இன்னும் அகப்படுகிற மண் இது.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். இலங்கையில் 1940 இன் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2 க்கு முந்தியவை தொல்பொருட்கள். நிலத்தில் கண்டெடுப்பது அரசுக்குரியது, உரிமம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. விடுமுறைக்கு வரும் உறவினரின் பெட்டிக்குள் வைத்துவிட முன் இதை நினையுங்கள். மாந்தைத் துறையில் சீனப் பீங்கான் ஓடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பக்கம் ஓட்டுத்துண்டு கண்ணில் பட்டாலும் எடுக்காமல் விடுங்கள். சீனத் தூபக்காலுக்கும் இலங்கைக்கும் உள்ள உறவைப் பார்க்க விரும்புவோர் கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போகலாம். 1409 ஆம் ஆண்டு பொறித்து, 1911 இல் காலியில் கண்டெடுத்த மும்மொழிக் கல் அங்கே இருக்கிறது. அதன் சீன வரிகளில், காணிக்கைகளுள் தூபக்கால்கள் பீடங்களோடு குறிக்கப்பட்டுள்ளன.

பீடம் இல்லாத தூபக்கால் அரைகுறையாகத்தான் தெரியும். இடிந்த வீடுகளின் பழைய முதிரை மர நிலைத்துண்டு அதற்கு மிக நல்லது, நன்கு காய்ந்திருப்பதால் இனிச் சுருங்காது. 3 அல்லது 4 சென்ரிமீற்றர் உயரம், கால் பதிய 2 மில்லிமீற்றர் குழி, சுற்றிவர ஒரு மில்லிமீற்றர் இடைவெளி. கம்பளித் துணியை அடியில் ஒட்டாதீர்கள், அதிலுள்ள கந்தகம் உலோகத்தைக் கறுக்கவைக்கும்.

கடையில் முழுச் 'சீன செற்' வாங்கி அறையை நிரப்புவதை விட, நம்மூர்ப் பெட்டகம் ஒன்றின் மேல் ஒரே ஒரு வெண்கலத் தூபக்காலை வைத்து மற்ற இடத்தை வெறுமையாக விடுவது எவ்வளவோ அழகு. மேலே ஒரு மீற்றருக்குத் தட்டோ திரைச்சீலையோ வேண்டாம். பர்மிய அரக்குப் பாத்திரங்களை யன்னல் வெயிலிலும் தகரக் கூரைக்கு நேர் கீழேயும் வைத்தால் உள்ளிருக்கும் மூங்கில் வளைந்து அரக்கு வெடிக்கும். சோளகம் கொண்டுவரும் செம்புழுதியை முதலில் தூரிகையால் தட்டிவிட்டுத்தான் துணியால் துடைக்கவேண்டும், இல்லாவிட்டால் மண்ணே கீறிவிடும். பெட்டகத்தின் கால்களுக்குக் கீழே கருங்கல் துண்டு வைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை டோர்ச் அடித்துப் பின்பக்கம் பாருங்கள். சுவரில் கறையான் மண்கோடு ஏறத் தொடங்கினால் அன்றைக்கே பெட்டகத்தை நகர்த்திவிடுங்கள்.