ரெக்கார்டர் பெட்டி: ஜிபியை விடுங்கள், ட்யூனரைப் பாருங்கள்

ரெக்கார்டிங் வசதியுள்ள செட்டாப் பாக்ஸ் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எத்தனை ஜிபி?" என்றுதான். அந்தக் கேள்விக்குப் புதுப் பெட்டிதான் எப்போதும் ஜெயிக்கும். 2008-ல் வந்த டாடா ஸ்கை பிளஸ்ஸுக்குள் இருந்தது 160 ஜிபி டிஸ்க். இன்றைய யுஎஸ்பி பெட்டியில் 1 டிபி போர்ட்டபிள் டிஸ்க்கைக்கூடச் செருகிக்கொள்ளலாம் என்பார்கள். ஆனால் ஒரு ரெக்கார்டர் வீட்டில் நிஜமாகவே பயன்படுமா என்பது வேறு மூன்று விஷயங்களில் இருக்கிறது: ட்யூனர் (வேண்டிய சேனலைப் பிடித்துத் தரும் பகுதி) எத்தனை, பதிவு எதன் மேல் எழுதப்படுகிறது, அதைத் திறக்கும் சாவி யாரிடம் இருக்கிறது. இந்த மூன்றில் முதல் இரண்டில் பழைய பெட்டிகளே மேல். புதியவை விலை குறைந்ததே அவற்றை எடுத்துவிட்டதால்தான்.

முதலில் இடக் கணக்கை முடித்துவிடலாம். 1999-ல் அமெரிக்காவில் வந்த டிவோ, ரீப்ளே டிவி போன்ற முதல் ரெக்கார்டர்கள் அனலாக் படத்தை வாங்கி, பெட்டிக்குள்ளேயே எம்பெக்-2 என்ற டிஜிட்டல் வடிவில் சுருக்கி டிஸ்க்கில் போட்டன. அதனால் அவற்றில் தரத்தைக் கூட்டிக் குறைக்க முடியும். தரம் கூடினால் மணி நேரம் குறையும். நம் டிடிஎச் பெட்டிகளுக்கு அந்த வேலையே இல்லை. சேனல் மேலிருந்து வரும்போதே சுருக்கித்தான் வருகிறது. பெட்டி அதை அப்படியே எழுதி வைக்கிறது. ஆகவே பதிவின் தரமும் நேரலையின் தரமும் ஒன்றுதான். இடம் எவ்வளவு பிடிக்கும் என்பது சேனலின் பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு எவ்வளவு தரவு வருகிறது என்பதைப் பொறுத்தது. சாதாரணச் சேனல் நொடிக்கு 3 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 1.35 ஜிபி. ஹெச்டி சேனல் 8 மெகாபிட் என்றால் 3.6 ஜிபி. 64 ஜிபி பென் டிரைவில் ஹெச்டி பதினேழு மணி நேரம் போகும். ஒரு வாரத்து சீரியல்களுக்கு அது தாராளம். இடம் யாருக்கும் பெரிய பிரச்சினை இல்லை.

ட்யூனர்தான் பிரச்சினை. உள்ளே டிஸ்க் வைத்து வந்த பழைய ரெக்கார்டர்களில் இரண்டு ட்யூனர் உண்டு. ஒன்று பதிவு செய்துகொண்டிருக்கும்போது இன்னொன்றில் வேறு சேனல் பார்க்கலாம், அல்லது இரண்டையும் பதிவுக்கு விட்டுவிட்டு ஏற்கெனவே பதிந்ததைப் பார்க்கலாம். யுஎஸ்பி போர்ட் வைத்த பெரும்பாலான பெட்டிகளில் ட்யூனர் ஒன்றே. பதிவு ஓடும்போது அதே சேனலைத்தான் பார்க்க முடியும். பெட்டியின் மென்பொருள் இடம் கொடுத்தால் அதே டிரான்ஸ்பாண்டரில் (பல சேனல்களை ஒன்றாகச் சுமந்து வரும் செயற்கைக்கோள் அலைவரிசையில்) வரும் மற்ற சேனல்களையும் பார்க்கலாம். அம்மா எட்டு மணி சீரியலைப் பதிவுக்குப் போட்டுவிட்டால், அந்த நேரத்தில் வீட்டில் வேறு யாரும் கிரிக்கெட் பார்க்க முடியாது. வாங்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை.

இரண்டு ட்யூனர் என்றால் டிஷ்ஷிலிருந்து இரண்டு கேபிள் வர வேண்டும் என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ளுங்கள். டிஷ்ஷின் முன்னால் இருக்கும் எல்என்பி என்ற சிக்னல் வாங்கிக்குப் பெட்டி அனுப்பும் மின்னழுத்தம்தான் எந்த வரிசைச் சேனல்கள் வேண்டும் என்று சொல்கிறது: 13 வோல்ட் என்றால் செங்குத்து அலைகள், 18 வோல்ட் என்றால் கிடைமட்ட அலைகள். ஒரே கேபிளில் ஒரே நேரத்தில் இரண்டு மின்னழுத்தமும் போகாது. அதனால் இரட்டை வெளியீடு உள்ள எல்என்பியும் தனித்தனியாக இரண்டு ஆர்ஜி-6 கேபிளும் தேவை. வீடு மாறும்போது இங்கேதான் கோளாறு வரும். புது வீட்டில் ஒரு கேபிள் மட்டும் இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். டிவி நன்றாக ஓடும். ஆனால் பதிவானவற்றில் சில மட்டும் கறுப்பாகவோ "சிக்னல் இல்லை" என்றோ இருக்கும். டிஸ்க் போய்விட்டதென்று நினைத்து டெக்னீஷியனைக் கூப்பிடுவதற்கு முன், செட்டிங்ஸில் சிக்னல் பக்கத்தைத் திறந்து ட்யூனர் 1, ட்யூனர் 2 இரண்டுக்கும் தரம் தனித்தனியே காட்டுகிறதா என்று பாருங்கள். இரண்டாவது பூஜ்யமாக இருந்தால் குறை கேபிளில்தான். கேபிள் இருந்தும் பூஜ்யம் என்றால் மொட்டை மாடியில் கேபிள் நுனியில் உள்ள எஃப் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நடுச் செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தால் ஒரு அங்குலம் வெட்டிவிட்டுப் புது கனெக்டர் போடவேண்டியதுதான்.

எதன் மேல் எழுதுகிறோம் என்பதற்கு வருவோம். பழைய ரெக்கார்டரில் டிவி ஓடிக்கொண்டிருக்கும் வரை, நீங்கள் எதையும் பதிவு செய்யாவிட்டாலும், பார்க்கும் சேனலை டிஸ்க் எழுதிக்கொண்டே இருக்கும். பின்னால் ஓட்டிப் பார்க்க முடிவது அதனால்தான். 8 மெகாபிட் சேனலை நாள் முழுக்க எழுதினால் 86 ஜிபி. இரண்டு ட்யூனருக்கு அதில் இரு மடங்கு. இந்த உழைப்புக்கென்றே செய்த டிஸ்க்குகள் உண்டு. கம்ப்யூட்டர் டிஸ்க் ஒரு கெட்ட செக்டரை (டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு பகுதி) படிக்க முடியாவிட்டால் பல விநாடிகள் திரும்பத் திரும்ப முயலும். அங்கே ஒரு பைட்கூடத் தப்பக் கூடாது. வீடியோவுக்கான டிஸ்க் சீக்கிரமே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். ஒரு ஃப்ரேம் உடைந்தாலும் படம் நிற்கக் கூடாது. மலிவான பென் டிரைவ் இந்த வேலைக்குப் பிறந்ததே இல்லை. வேகம் போதவில்லை என்பதல்ல காரணம். 8 மெகாபிட் என்பது நொடிக்கு 1 எம்பி மட்டும். அதை எந்த பென் டிரைவும் எழுதும். ஆனால் எழுதிக்கொண்டே பின்பகுதியைப் படிக்கவும் வேண்டும் என்னும்போது மலிவு பென் டிரைவ்கள் அவ்வப்போது அரை விநாடி, ஒரு விநாடி மூச்சுவாங்கும். அந்த நேரத்தில் வந்த தரவு போய்விடும். நேரலையை நிறுத்திவிட்டுத் தொடர்ந்து பார்க்கும்போது மட்டும் படம் தெறிக்கிறது, நேரடியாகப் பார்த்தால் சரியாக இருக்கிறது என்றால் பென் டிரைவை மாற்றுங்கள்.

போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் இதைவிட நல்லது, ஆனால் மின்சாரம் கவனம். யுஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர்தான். இரண்டரை அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்தில் ஒரு ஆம்பியர் வரை இழுக்கும். டிக், டிக் என்று சத்தம் வந்து பெட்டி டிஸ்க்கைக் கண்டுகொள்ளாவிட்டால் டிஸ்க் கெட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் வழியாக ஒருமுறை இணைத்துப் பாருங்கள். இன்னொன்று, பெட்டி எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது. 8 மெகாபிட் ஹெச்டியில் அது சுமார் 71 நிமிடம். நல்ல பெட்டி அடுத்த ஃபைலுக்குத் தானாகத் தாவும். மோசமான பெட்டி அங்கேயே பதிவை நிறுத்திவிடும். இரண்டரை மணி நேரப் படம் எப்போதும் இடைவேளைக்கு முன்பே அறுந்துபோனால் காரணம் இதுதான். இந்த வரம்பு இல்லாத என்டிஎஃப்எஸ் முறை தெரிந்த பெட்டியாக இருந்தால் கம்ப்யூட்டரில் அப்படி ஃபார்மட் செய்து கொடுங்கள்.

பழைய பெட்டியில் பதிவு கெட்டிருந்தால் குறை டிஸ்க்கிலா சிக்னலிலா என்பதைக் கண்ணாலேயே பிரித்தறியலாம். ஒரே நிகழ்ச்சியை இரண்டு முறை ஓட்டுங்கள். குறிப்பிட்ட இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, சத்தம் அறுகிறது, ஆனால் திரையில் நேரம் நிற்காமல் ஓடுகிறது என்றால் பதிவான அன்று மழையோ மேகமோ இருந்திருக்கிறது. வந்ததை டிஸ்க் அப்படியே எழுதியிருக்கிறது. அதே இடத்தில் படம் உறைந்து, நேரமும் சில விநாடிகள் நின்று, பெட்டிக்குள் கர்ர் என்று இழுபடும் சத்தம் வந்து, பிறகு படம் தாவினால் அது கெட்ட செக்டர். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் பெரும்பாலும் சூடு அல்லது பவர் சப்ளை. பெட்டியை மூடிய அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, மேலே எதுவும் வைக்காமல் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். லோகோ வரை வந்து, டிஸ்க் சுழலத் தொடங்கியதும் பெட்டி மறுபடி அணைந்து அணைந்து எழுந்தால் அடாப்டரோ உள்ளே இருக்கும் கெபாசிட்டரோ தளர்ந்துவிட்டது. கெபாசிட்டரின் தலை உப்பியிருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். சொந்தப் பெட்டியாக இருந்தால் மட்டும் திறங்கள். பல டிடிஎச் பெட்டிகள் நிறுவனத்தின் சொத்து. திறப்பதானால் ப்ளக்கைப் பிடுங்கி நன்றாக ஆறவிட்டு.

இரவில் படுக்கப் போகும்போது டிவி ஸ்விட்சை அணைக்கும் நம் வழக்கம் ரெக்கார்டருக்கு ஆகாது. அதிகாலைப் பதிவு விட்டுப்போவது ஒரு பக்கம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் அந்தப் பதிவு பாதியில் போகும், சில சமயம் டிஸ்க்கின் பட்டியலே குழம்பும். கரன்ட் அடிக்கடி போகும் ஊரென்றால் பெட்டியை இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிடுங்கள்.

நேரக் குறிப்பிலும் கொஞ்சம் தாராளம் வேண்டும். பெரும்பாலான பெட்டிகள் கடிகாரத்தைப் பார்த்துத்தான் பதிவைத் தொடங்கி முடிக்கின்றன. முன்னால் 2 நிமிடம், பின்னால் 10 நிமிடம் கூட்டிவைப்பது நல்லது; நேரலை விளையாட்டென்றால் பின்னால் ஒரு மணி நேரம். ஆனால் 7, 7.30, 8 என்று அடுத்தடுத்துப் போட்டிருந்தால் இந்தக் கூட்டல்கள் ஒன்றோடொன்று மோதும். ஒரே சேனல் என்றாலும் சில பெட்டிகள் அந்தப் பத்து நிமிடத்துக்கு இரண்டாவது ட்யூனரைக் கேட்கும். அப்படியானால் தனித்தனியே போடாமல் 7 முதல் 8.30 வரை ஒரே பதிவாகப் போட்டுவிடுங்கள். தொடர் பதிவு வசதி பெயரை மட்டும் பார்த்து வேலை செய்யும் பெட்டியில் காலை மறு ஒளிபரப்பும் சேர்ந்து பதிவாகி, டிஸ்க் சீக்கிரம் நிரம்பும். அப்போது பெட்டி பழையதைத் தானே அழிக்கத் தொடங்கும். வேண்டியவற்றுக்கு "அழிக்காதே" என்ற பூட்டை முதலிலேயே போட்டுவையுங்கள்.

மூன்றாவது விஷயம் சாவி. கட்டணச் சேனல்களின் பதிவு, பழசானாலும் புதுசானாலும், சங்கேதமாகத்தான் டிஸ்க்கில் இருக்கும். டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டாலோ பென் டிரைவை வேறு பெட்டியில் செருகினாலோ ஓடாது. பெட்டி இறந்தால் பதிவும் போச்சு. ஆண்ட்ராய்டு பெட்டிகளின் "கடந்த 7 நாள்" வசதி இன்னும் ஒரு படி தள்ளி இருக்கிறது: அங்கே உங்களிடம் பதிவே இல்லை, பார்க்க அனுமதி மட்டும். எட்டாவது நாள் அது போய்விடும். எந்த நிகழ்ச்சி இருக்கும், எது இருக்காது என்பதையும் நீங்கள் தீர்மானிப்பதில்லை. தவறவிட்ட நேற்றைய எபிசோடைப் பார்க்க அது மிக வசதி. வைத்துக்கொள்ள உதவாது.

வைத்துக்கொள்வதுதான் நோக்கம் என்றால் இன்று சிறந்த வழி டிடி ஃப்ரீ டிஷ்ஷின் இலவசச் சேனல்கள். கம்ப்யூட்டரில் பொருத்தும் டிவிபி-எஸ்2 (செயற்கைக்கோள் டிவி) ட்யூனர் ஒன்று, பழைய கம்ப்யூட்டர் ஒன்று, டிவிஹெட்எண்ட் என்ற இலவச மென்பொருள், இவ்வளவு போதும். 93.5 டிகிரி கிழக்கை நோக்கிய டிஷ்ஷிலிருந்து வருவதை அப்படியே டிஎஸ் என்ற வீடியோ ஃபைலாக எழுதும்; விஎல்சி பிளேயரில் ஓடும், பூட்டு இல்லை. ஒரே ட்யூனர் ஒரு டிரான்ஸ்பாண்டர் முழுவதையும் வாங்குவதால், அதில் உள்ள பல சேனல்களை ஒரே நேரத்தில் பதியலாம். இந்த ஒரு விஷயத்தில் சாதாரண டிடிஎச் பெட்டிகள் பக்கத்தில் வராது. டிஸ்க்குக்குச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சிசிடிவிக்கென்று விற்கும் டபிள்யூடி பர்ப்பிள் அல்லது சீகேட் ஸ்கைஹாக் வாங்குங்கள். இடைவிடாமல் எழுதுவதற்கென்றே வந்தவை.

பழைய பெட்டியை மாற்றப் போகிறீர்கள், அதில் வீட்டுப் பிள்ளை பாடிய நிகழ்ச்சியோ ஊர்க் கோயில் கும்பாபிஷேக நேரலையோ இருக்கிறது என்றால், சந்தாவை நிறுத்துவதற்கு முன் எடுத்துவிடுங்கள். சந்தா முடிந்ததும் பல பெட்டிகள் பழைய பதிவுகளையும் திறக்காது. ஹெச்டிஎம்ஐயில் காப்புப் பூட்டு இருப்பதால் வீடியோவைக் கம்ப்யூட்டரில் பதியும் கேப்சர் கார்டில் கறுப்புத் திரைதான் வரும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி வெளியீட்டை ஒரு சாதாரண யுஎஸ்பி கேப்சர் கருவியில் கொடுத்து, ஓபிஎஸ் என்ற இலவசப் பதிவு மென்பொருளில் பால் (PAL) முறை, 720-க்கு 576, நொடிக்கு 25 ஃப்ரேம் என்று வைத்துப் பதியுங்கள். ஹெச்டி போய்விடும், உள்ளடக்கம் மிஞ்சும். பெட்டியில் ஏவி வெளியீடு ஹெட்போன் துளை மாதிரி இருந்தால் அதற்கு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். மற்ற கேபிள்களில் கிரவுண்ட் வேறு இடத்தில் இருந்து, படம் வராமல் இரைச்சல் மட்டும் வரும். முதல் பத்து நிமிடம் பதிந்ததும் நிறுத்தி, உதடும் சத்தமும் ஒட்டுகிறதா என்று பாருங்கள். விலகினால் மணிக்கணக்கில் ஒரே ஃபைலாகப் பதியாமல் அரை மணிக்கொரு ஃபைலாக வெட்டிப் பதியுங்கள்.